ஹைலக்ஸுக்குப் பெரிய ரயர் போட்ட பிறகு மீற்றரை எப்படித் திருத்துவது?

கொடிகாமம் கப்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் நிற்பது ஹைலக்ஸ் வீகோ டபுள் கப், மனுவல் கியர், ஃபோர் வீல். கொம்பனியில் இருந்து வந்த ரயர் 255/70 ஆர்15. பூநகரிப் பக்கம் வயல் பாதைகளில் மூட்டையோடு இறங்கி ஏறுகிற வேலை அதிகம் என்பதால், அதே 15 இஞ்சி றிம்மில் 31 இஞ்சி ரயர் நாலும் புதிதாகப் போட்டுவிட்டேன். எங்கும் உரசவில்லை, ஓட்டமும் நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு டீசல் கூடக் குடிக்கிற மாதிரி இருக்கிறது, முழுத் தாங்கி அடித்தால் முந்தி வந்த கிலோமீற்றர் இப்போது வருவதில்லை. வாகனம் ஹயருக்கும் ஓடுகிறது, கிலோமீற்றர் கணக்குக்குத்தான் காசு வாங்குகிறேன், அதனால் மீற்றர் பிழை என்றால் அது என் வயிற்றில் அடிக்கிற விஷயம்.

ஒரு கடையில் கேட்டதற்கு, டாஷ்போட்டைக் கழற்றி முள்ளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடலாம், அரை மணித்தியால வேலை என்றார்கள். இன்னொரு இடத்தில் கம்பியூட்டர் பூட்டி ரயர் சைஸை மாற்ற வேண்டும் என்கிறார்கள். எது சரி? யாழ்ப்பாணத்திலேயே செய்யக்கூடிய வழி இருந்தால் சொல்லுங்கள்.

வல்வெட்டித்துறை ஓட்டம்:

தம்பி, முள்ளைத் தள்ளுகிற வேலைக்கு மட்டும் போகவேண்டாம். ரயர் பெரிதானதால் வருகிற பிழை சதவீதக் கணக்கில் வருவது. 30 இல் ஓடும்போது ஒன்றரை, இரண்டு கிலோமீற்றர் பிழை என்றால் 100 இல் ஆறேழு கிலோமீற்றர். முள்ளைக் கழற்றித் தள்ளிக் குத்தினால் எல்லா வேகத்துக்கும் ஒரே அளவுதான் நகரும், 60 இல் சரியாக வைத்தால் 30 இல் கூடக் காட்டும், 100 இல் குறைத்துக் காட்டும், நிற்கும்போது பூச்சியத்தில் நிற்காது. அதைவிட முக்கியம், கிலோமீற்றர் எண்ணுகிற பகுதிக்கும் முள்ளுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் ஹயர் காசு அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

கணக்கு இதுதான். 255 என்பது ரயரின் அகலம் மில்லிமீற்றரில், 70 என்பது அதில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 255 இல் 70 சதவீதம் 178.5 மில்லிமீற்றர், மேலும் கீழும் 357, அதோடு றிம் 381, மொத்த விட்டம் 738. 31 இஞ்சி என்றால் 787. ஆகவே புத்தகக் கணக்கில் 6.7 சதவீதம் பெரிது. சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது முந்தியதைவிட அவ்வளவு கூடுதலாக நிலத்தில் போகிறது, மீற்றருக்கு அது தெரியாது, அது பழைய ரயர் என்று நினைத்துக்கொண்டு எண்ணுகிறது. டீசல் கூடக் குடிக்கிறது என்று நீங்கள் நினைப்பதில் பெரும் பங்கு இதுதான். பெரிய ரயரின் பாரத்தால் கொஞ்சம் கூடக் குடிப்பதும் உண்மை, ஆனால் மீற்றரைத் திருத்தாமல் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

ரயரில் 31 என்று எழுதியிருந்தாலும் அது அப்படியே 31 இருப்பது குறைவு. கொம்பனிக்குக் கொம்பனி வித்தியாசம், பாரம் ஏறினால் இன்னும் கொஞ்சம் தாழும். அதனால் காசு கொடுப்பதற்கு முதல் நீங்களே அளந்து பாருங்கள். ஏ9 வீதியில் கிலோமீற்றர் கற்கள் நிற்கின்றன அல்லவா, ஒரு கல்லடியில் ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி 20 கல் தள்ளி எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்கள். காற்று சரியாக அடித்திருக்க வேண்டும், வழக்கமாக ஏற்றுகிற பாரத்தோடு போனால் இன்னும் நல்லது. ஆனையிறவுப் பக்கம் றோட்டு நேராக இருக்கிற இடத்தில், ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு போன் ஜிபிஎஸ் வேகத்தையும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் றோட்டைப் பாருங்கள். இரண்டு கணக்கையும் இங்கே போட்டால் மிச்சம் கதைக்கலாம்.

கொடிகாமம் கப்:

நன்றி அண்ணை. பார்த்துவிட்டேன், ஆனால் இப்போதுதான் கூடக் குழப்பம். கல்லுக்குக் கல் 20 கிலோமீற்றரில் ட்ரிப் 18.9 தான் காட்டுகிறது. அது குறைவு, சரி. ஆனால் முள்ளு 70 இல் நிற்கும்போது ஜிபிஎஸ் 70, இடையில் 71. கிட்டத்தட்ட அச்சொட்டாக இருக்கிறது. முள்ளு சரி, கிலோமீற்றர் மட்டும் பிழை என்றால் மீற்றருக்குள் ஏதும் பழுதா?

வல்வெட்டித்துறை ஓட்டம்:

பழுது ஒன்றும் இல்லை, உங்கள் இரண்டு கணக்கும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறது. வேகம் காட்டுகிற முள்ளைக் கொம்பனிக்காரன் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் செய்து அனுப்புகிறான். ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதி 39 என்று ஒன்று இருக்கிறது, அதன்படி மீற்றர் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக்கூடாது, கூட்டிக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீற்றர் வரை. அதாவது உண்மையில் 70 இல் போகும்போது 81 வரை காட்டினாலும் விதிக்குள்தான். கிலோமீற்றர் எண்ணிக்கைக்கு அப்படிக் கூட்டி வைப்பதில்லை, அது ஏறக்குறைய உள்ளதை உள்ளபடி எண்ணும்.

ஆகவே பழைய ரயரில் உங்கள் முள்ளு 70 காட்டும்போது நீங்கள் உண்மையில் 66, 67 இல் போயிருப்பீர்கள். பெரிய ரயர் அந்த இடைவெளியைத் தின்றுவிட்டது, முள்ளு தற்செயலாகச் சரியாகத் தெரிகிறது. பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஜிபிஎஸ் பிடித்துப் பார்த்து, ரயர் மாற்றியதால் மீற்றர் திருந்திவிட்டது என்று விட்டுவிடுவார்கள், எண்ணிக்கை மட்டும் மாதக் கணக்காகக் குறைந்துகொண்டே போகும். எதைத் திருத்தினாலும் கிலோமீற்றர் கல்லை வைத்துத்தான் திருத்த வேண்டும், ஜிபிஎஸ் வேகத்தை வைத்து அல்ல. 20 ஐ 18.9 ஆல் வகுத்தால் 1.058. உங்கள் திருத்தம் 5.8 சதவீதம். அதைச் செய்தால் முள்ளு திரும்பவும் 70 க்கு 74 காட்டும், அது பிழை இல்லை, அது கொம்பனி வைத்த நிலை. ஊருக்கு வெளியே எங்களுக்கு 70 தான் எல்லை என்பதையும் யோசியுங்கள், இப்போது முள்ளு 70 காட்டினால் உண்மையிலும் 70 தான், கொஞ்சம் கூடினாலே எல்லையைத் தாண்டிவிடுவீர்கள்.

சுன்னாகம் ஒட்டோ எலக்ட்ரிக்:

வல்வெட்டித்துறை அண்ணை சொன்னது சரி, நான் வயரிங் பக்கத்தைச் சொல்கிறேன். கம்பியூட்டர் பூட்டி ரயர் சைஸ் மாற்றுகிற கதை ஃபோர்ட் ரேஞ்சர் போன்ற வாகனங்களுக்குப் பொருந்தும், அவற்றில் ரயரின் சுற்றளவை உள்ளே எழுதி வைத்திருப்பார்கள். உங்கள் வீகோ ஹைலக்ஸில் அப்படி வெளியில் இருந்து மாற்றுகிற இடம் இல்லை. ஸ்கானரைப் பூட்டினால் வேகத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

உங்களுக்குத் தேவை சிக்னல் திருத்துகிற சின்னப் பெட்டி ஒன்று. சில்லோ, கியர் பொக்ஸின் வெளி ஷாஃப்ட்டோ சுற்றச் சுற்ற சென்சர் துடிப்புத் துடிப்பாக சிக்னல் அனுப்பும். ஜப்பான் வாகனங்களில் பொதுவான கணக்கு, ஒரு கிலோமீற்றருக்கு மீற்றர் கேபிள் 637 சுற்று, ஒரு சுற்றுக்கு 4 துடிப்பு, ஆக 2548 துடிப்பு. கேபிள் போய் வயர் வந்த பிறகும் அந்தக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பெட்டி என்ன செய்யும் என்றால், வருகிற துடிப்பை எண்ணி நீங்கள் சொன்ன சதவீதம் கூட்டி அல்லது குறைத்து மற்றப் பக்கத்தால் விடும். நாலு வயர்: சாவி போட்டால் வருகிற 12 வோல்ட், ஏர்த், சிக்னல் உள்ளே, சிக்னல் வெளியே.

எங்கே பூட்டுவது என்பதில்தான் வேலை இருக்கிறது. ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் பார்க்கிற ஏற்பாடு) இல்லாத வாகனம் என்றால் சென்சர் கியர் பொக்ஸ் பக்கம் இருக்கும், அது முதலில் மீற்றருக்கு வந்து, மீற்றரில் இருந்துதான் எஞ்சின் கம்பியூட்டருக்குப் போகும். மீற்றருக்கு வருகிற வயரை வெட்டி அந்த இடத்தில் பெட்டியைப் போட்டால் இரண்டுக்கும் திருத்திய சிக்னல்தான் போகும். ஏபிஎஸ் இருந்தால் ஏபிஎஸ் கம்பியூட்டரில் இருந்து மீற்றருக்கு வருகிற வயர். எந்தக் காரணத்துக்காகவும் சில்லடியில் இருக்கிற ஏபிஎஸ் சென்சர் வயர்களில் கை வைக்க விடவேண்டாம். ஏபிஎஸ் நாலு சில்லையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது, நாலு ரயரும் ஒரே சைஸ் என்றால் அதற்கு ஒரு திருத்தமும் தேவையில்லை. வயர் டயகிராம் பார்க்காமல் நிறத்தை மட்டும் நம்பி வெட்டுகிற ஆளிடம் கொடுக்காதீர்கள்.

எங்கள் ஊரின் உப்புக்காற்றுக்கு முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றிய இணைப்பு நிற்காது, கொஞ்சக் காலத்தில் பச்சை பூத்து முள்ளு துள்ளத் தொடங்கும். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்குகிற குழாய் போட்டுத்தான் முடிக்க வேண்டும். பெட்டியும் டாஷ்போட்டுக்குள் இருக்கட்டும், கீழே சேறு படுகிற இடத்தில் வேண்டாம்.

இன்னொன்று, 5.8 க்குப் பதிலாக 5 இல் வைக்கச் சொல்வேன். ரயர் 8 மில்லிமீற்றர் தேய்ந்தால் விட்டம் 16 குறைகிறது, அதுவே 2 சதவீதம். இப்போது அச்சொட்டாக வைத்தால் தேயத் தேய மீற்றர் கூட்டி எண்ணும், நடுவில் வைத்தால் ரயரின் ஆயுள் முழுக்கப் பார்க்கும்போது பிழை சின்னதாக இருக்கும். முள்ளு 5 இலும் உண்மை வேகத்துக்கு மேலேதான் நிற்கும், பயமில்லை.

பழைய கேபிள்:

கேபிள் மீற்றர் உள்ள பழைய ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். அவற்றுக்குப் பெட்டி ஒன்றும் தேவையில்லை. கியர் பொக்ஸில் கேபிள் போய் ஏறுகிற இடத்தில் ஒரு நைலோன் பல்லுச் சக்கரம் இருக்கிறது, ஒரு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வரும், கொஞ்சம் ஒயில் ஒழுகும், ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். பல்லு குறைந்தால் கேபிள் வேகமாகச் சுற்றும். உதாரணத்துக்கு 33 பல்லுக்குப் பதில் 31 போட்டால் 6.5 சதவீதம் கூடும். பெரிய ரயருக்குப் பல்லைக் குறைக்க வேண்டும், கூட்டினால் பிழை இரட்டிப்பாகும், இதை மாறி யோசித்து எதிர்ப்பக்கம் வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய சக்கரத்தையே கையில் கொண்டுபோய், அது பூட்டி இருந்த அதே வகைக் கியர் பொக்ஸில் இருந்து கழற்றியதைத் தேடுங்கள்.

டிஃப் (அச்சின் நடுவில் சில்லுகளுக்கு ஓட்டத்தைக் கொடுக்கிற பல்லுச் சக்கரப் பெட்டி) மாற்றியிருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். கியர் பொக்ஸ் பக்கம் எண்ணுகிற வாகனத்தில் டிஃபின் பல்லுக் கணக்கு மாறினாலும் மீற்றர் மாறும். சில்லில் எண்ணுகிற வாகனத்துக்கு அது பாதிப்பில்லை. எது எப்படி என்றாலும் கிலோமீற்றர் கல்லில் அளந்தால் எல்லாப் பிழையும் ஒன்றாகச் சேர்ந்து வந்துவிடும்.

கொடிகாமம் கப்:

விளங்கிவிட்டது. ஏபிஎஸ் இல்லை, ஆகவே மீற்றருக்கு வருகிற வயரில்தான் பூட்டப்போகிறேன், 5 இல் வைக்கிறேன். இதுவரை குறைத்து எண்ணிய கிலோமீற்றரை என்ன செய்வது? அதையும் ஏற்றிவிடலாமா?

வல்வெட்டித்துறை ஓட்டம்:

வேண்டாம். எண்ணிக்கையில் கை வைத்தால், கூட்டினாலும் குறைத்தாலும் பிறகு ஒருவரும் அந்த மீற்றரை நம்பமாட்டார்கள். சேர்விஸ் புத்தகத்தில் ரயர் மாற்றிய நாளும் அன்றைய கிலோமீற்றரும், பெட்டி பூட்டிய நாளும் அன்றைய கிலோமீற்றரும் எழுதிவையுங்கள், இடையில் உள்ளதை 1.058 ஆல் பெருக்கினால் உண்மை ஓட்டம். விற்கிற காலத்தில் வாங்குகிறவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டலாம். ஒயிலுக்கும் அந்தக் கணக்குத்தான், மீற்றரில் 5000 என்று காத்திருந்தால் உண்மையில் 5290 ஓடியிருக்கும். ரைமிங் பெல்ட்டுக்கு இதை விடவே கூடாது, அந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் அடிபட்டுப் பெரிய செலவில் முடியும்.

பெட்டி பூட்டும் வரைக்கும் ஹயருக்கு மீற்றர் காட்டுவதை 1.058 ஆல் பெருக்கிக் காசு சொல்லுங்கள், ஆனால் ஏறுவதற்கு முதலே சொல்லிவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றர் ஓடினால் உங்கள் மீற்றர் 378 தான் காட்டுகிறது, ஒரு பக்கத்துக்கே 22 கிலோமீற்றர் சும்மா ஓடுகிறீர்கள்.

சுன்னாகம் ஒட்டோ எலக்ட்ரிக்:

ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் முக்கியம்: ஸ்பெயார் சில்லு எது? நாலு ரயர் மட்டும் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள், அப்படி என்றால் கீழே தொங்குவது பழைய 255 தான். அதைப் பூட்டிக்கொண்டு தார் றோட்டில் ஃபோர் வீலைப் போடவேண்டாம், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும், முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிவிடும். பின் சில்லு காற்றுப் போனால் முன் சில்லு ஒன்றைப் பின்னுக்கு மாற்றி, சின்னதை முன்னுக்குப் போடுங்கள், அப்போது பின் டிஃப் ஓயாமல் வேலை செய்யாது, மீற்றர் கணக்கும் மாறாது. அப்படியே மெதுவாக வீட்டுக்கோ ரயர்க் கடைக்கோ போகலாம். அடுத்த முறை காசு கையில் வரும்போது ஐந்தாவது 31 ஒன்றை எடுத்துவிடுங்கள், அது கீழே தொங்குகிற இடத்தில் அடங்குகிறதா என்று வாங்க முதல் அளந்து பாருங்கள்.