ஆயா வீட்டு வளவு: வாட்ஸ்அப் குழு

முத்து, இரவு 8:42
அம்மான், வானப் படம் திருத்தும் சிரில் மென்பொருளில் நட்சத்திரம் நீக்கும் பொத்தானை அழுத்தினால், அந்த வேலையைச் செய்யும் ஸ்டார்நெட் நிரல் கிடைக்கவில்லை என்கிறது. நேற்றே இறக்கிவிட்டேன்!

அம்மான், 8:44
எங்கே?

முத்து, 8:44
லேப்டாப்பில்தான்.

அம்மான், 8:45
அது தெரியும்டா. எந்த போல்டரில்?

முத்து, 8:46
டவுன்லோட்ஸில். ஜிப். திறந்து பார்த்தேன், உள்ளே எல்லாம் இருக்கிறது.

அம்மான், 8:48
ஜிப்புக்குள் எட்டிப் பார்த்தால் போதாது, வெளியே எடுக்க வேண்டும். எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடு. சி டிரைவில் தனி போல்டர் போட்டு அதில் வை. டவுன்லோட்ஸ் வேண்டாம்.

வள்ளியாச்சி, 8:49
இவன் மாதம் ஒருமுறை டவுன்லோட்ஸைக் கூட்டிப் பெருக்குவான். வீட்டைத்தான் பெருக்க மாட்டான் 😂

ஆயா, 8:53
பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொண்ட மறுநாளிலிருந்து இவன் மொட்டை மாடியில்தான் நிற்கிறான். பனியில் நின்று படம் பிடித்த நட்சத்திரத்தை எதற்கு நீக்க வேண்டும்?

முத்து, 8:57
ஆயா, திருவாதிரை இருக்கிறதே, அதே ஓரியன் கூட்டத்தில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும். அதற்குக் கீழே ஒரு பெரிய மேகம். 1,300 ஒளியாண்டு தூரம். அதன் ஓரமெல்லாம் ரொம்ப மங்கல். வெளிச்சத்தைக் கூட்டினால் நட்சத்திரங்கள் ஊதிப்போய் மேகத்தை மறைத்துவிடும். அதனால் நட்சத்திரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மேகத்தை மட்டும் தூக்கிக் காட்டி, அப்புறம் திரும்பச் சேர்ப்போம்.

ஆயா, 8:58
சரி. மறக்காமல் திரும்ப வைத்துவிடு.

முத்து, 9:06
அம்மான், ஜிப்பைப் பிரித்தாயிற்று. சிரில் பிரிபரன்ஸில் மிஸலேனியஸ் பக்கத்தில் போல்டரையும் கொடுத்தேன். ஏற்கவில்லை.

அம்மான், 9:08
போல்டரைக் கொடுப்பது தெருப் பெயரை மட்டும் சொல்வது மாதிரி. அதுவும் நம் கானாடுகாத்தானில்! முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். போல்டருக்குள் போய் ஸ்டார்நெட் பிளஸ் பிளஸ் டாட் இஎக்ஸ்இ என்ற கோப்பையே தொட்டுக் காட்டு.

முத்து, 9:12
அந்தப் பெயரில் ஒன்றும் இல்லையே. வேறொரு இஎக்ஸ்இ இருக்கிறது. கிளிக் செய்தால் ஜன்னல் திறந்து படத்தைக் கேட்கிறது.

அம்மான், 9:13
அதைச் சொல்! நீ இறக்கியது தனி ஜன்னலாகத் திறக்கும் பதிப்பு. அதில் ஆள் உட்கார்ந்து பொத்தான் அழுத்த வேண்டும். சிரிலுக்கு வேண்டியது சிஎல்ஐ என்று போட்டிருக்கும் கட்டளை வரிப் பதிப்பு. சிரிலே பின்னாலிருந்து அதைக் கூப்பிட்டு, படத்தைக் கொடுத்து, வேலை முடிந்ததும் வாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும், எனக்கும் முதல் தடவை இதேதான் ஆனது.

வள்ளியாச்சி, 9:14
சிரிலோடு சேர்த்தே கொடுத்துத் தொலைத்தால் என்ன?

அம்மான், 9:16
இது வேறு ஆள் எழுதியது ஆச்சி, உரிமமும் வேறு. அதனால்தான் தனியாக இறக்கி வழி காட்ட வேண்டியிருக்கிறது. முத்து, இஎக்ஸ்இயை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதே. வெயிட்ஸ் கோப்பு, டிஎல்எல் எல்லாம் கூடவே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓடாது. போல்டரை அப்புறம் இடம் மாற்றினால் சிரில் மறுபடியும் காணோம் என்று கத்தும்.

ஆயா, 9:17
பெட்டகச் சாவிக்கும் இதைத்தான் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன்.

முத்து, 9:41
ஓடுகிறது!!! சதவீதம் ஏறுகிறது. லேப்டாப் விசிறிதான் மிக்ஸி மாதிரி கத்துகிறது.

அம்மான், 9:42
பழைய லேப்டாப், நேரம் எடுக்கும். நட்சத்திரம் இல்லாமல் ஸ்டார்லெஸ் என்று ஒன்று, நட்சத்திரம் மட்டும் ஸ்டார்மாஸ்க் என்று ஒன்று, இரண்டு கோப்பு வரும். இரண்டையும் பத்திரமாக வை.

முத்து, 10:20
📷 புகைப்படம்
வெறும் மேகம்!

வள்ளியாச்சி, 10:21
அடேயப்பா. ரோஜாப்பூ நிறம்.

ஆயா, 10:24
நன்றாக இருக்கிறது. நட்சத்திரம் எங்கே?

முத்து, 10:24
தனிக் கோப்பில் இருக்கிறது ஆயா. நாளைக்குச் சேர்த்துவிடுகிறேன்.

ஆயா, 10:25
வைத்துவிட்டுப் படு.