புதுப்பிப்பு: சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நாய், முடிவு செய்துவிட்டோம்

4 வயதுப் பெண்ணும் ஒன்றரை வயதுப் பையனும் இருக்கும் வீட்டுக்கு எந்த நாய் சரிவரும் என்று முன்பு கேட்டிருந்தேன். லாப்ரடாரா, பீகிளா என்பதுதான் அப்போது குழப்பம். கடைசியில் வந்திருப்பது இரண்டுமில்லை. காப்பகத்திலிருந்து 3 வயதுக் கலப்பினப் பெண் நாய்.

இனத்தைவிடக் குணத்தைப் பாருங்கள் என்று பலர் சொன்னது சரிதான். குட்டி வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் பல். 4 மாத வாக்கில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போது வாய்க்கு எட்டியதையெல்லாம் கடிக்கும், பிள்ளையின் விரல் உட்பட. வளர்ந்த நாயின் சுபாவம் ஓரளவு முன்பே தெரிந்துவிடும். மூன்று முறை பிள்ளைகளோடு போய்ப் பார்த்தோம். ஒருநாள் பையன் கையிலிருந்த கிண்ணம் தடாலென்று விழுந்தது. இந்த நாய்ப்பெண் துள்ளி விலகினாள். அடுத்த நொடியே திரும்பி வந்து கிண்ணத்தை மோந்து பார்த்தாள். அங்கேயே என் மனம் முடிவுக்கு வந்துவிட்டது.

இப்போது 6 வாரம் ஆகிறது. உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் 'போதும், விடு' என்று நாய் சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறோம். மகளுக்கே பழகிவிட்டது. "அம்மா, கொட்டாவி விடுறா" என்று கையை எடுத்துக்கொள்கிறாள். பையன்தான் வாலைப் பிடிக்கிறான். அதனால் அவனையும் நாயையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடுவதில்லை. அவள் சாப்பிடும்போது நடுவில் தடுப்புக் கதவு. ரேபிஸ் தடுப்பூசி, குடற்புழு மருந்து முடிந்தது. வாசல் மணிக்குக் குரைப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை, பழக்கிக்கொண்டிருக்கிறோம்.