பௌதிகவியல் இரண்டாம் தாள், பகுதி ஏ: செய்முறை வினாக்களில் புள்ளி போகிறது, மறைவெப்பமும் 309இல் நிற்கிறது

மாணவி, ஹட்டன்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த முறை உயர்தரம் எழுதுகிறேன், பௌதிக விஞ்ஞானப் பிரிவு. கடைசி மாதிரித் தாளில் பல்தேர்வு 50க்கு 34, பகுதி பீ 120க்கு 78. பகுதி ஏ மட்டும் 80க்கு 33. கணக்கு வரும் இடங்கள் சரி. "ஏன்", "என்ன முற்காப்பு" என்று ஒரு வரி கேட்கும் இடங்களில் விடுகிறேன்.

செய்முறைக்குத் தனிப் பரீட்சை ஏதும் உண்டா? பகுதி ஏக்கு எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும்? மற்றது, பனிக்கட்டி உருகலின் தன்மறை வெப்பம் செய்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் கிராமுக்கு 310 யூலுக்குக் கீழேதான் வருகிறது. 334 வரவேண்டும். எங்கே பிழை?

பேராதனை, மூன்றாம் வருடம்

தங்கச்சி, தனிச் செய்முறைப் பரீட்சை கிடையாது. பகுதி ஏதான் அந்தச் செய்முறைப் பரீட்சை, எழுத்தில் நடக்கிறது. அதை அப்படி நினைத்துப் படிக்காததால்தான் நல்ல கணக்குக்காரர்களும் அங்கே விழுகிறார்கள்.

நேரத்தைப் புள்ளியை வைத்தே பிரிக்கலாம். இரண்டாம் தாள் 3 மணித்தியாலம், மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடம். பகுதி ஏ நான்கு வினாவும் கட்டாயம், ஒன்றுக்கு 20. பகுதி பீயில் ஆறில் நான்கு, ஒன்றுக்கு 30. மொத்தம் 200 புள்ளிக்கு 180 நிமிடம் என்றால் பகுதி ஏக்கு 72 நிமிடம். 65இல் முடிக்கப் பழகுங்கள், மிச்சம் பீக்கு உதவும். வாசிப்பு நேரத்தில், பகுதி பீயின் 9, 10ஆம் வினாக்களில் உள்ள இரு தெரிவுகளில் (ஏ)யா (பீ)யா என்பதை முடிவெடுத்துவிடுங்கள். இரண்டையும் எழுதினால் ஒன்றுக்குத்தான் புள்ளி.

கணிப்பான் இல்லை, ஈர்ப்பு ஆர்முடுகல் 10 என்று தாளிலேயே இருக்கும். அதனால் இலக்கங்கள் பெரும்பாலும் சுருங்கும்படிதான் அமைந்திருக்கும். 3.7ஐ 0.83ஆல் பிரிக்க வேண்டி வந்தால் முதலில் மேல் வரியைத் திரும்பப் பாருங்கள்.

பௌதிகவியல் ஆசிரியர், பண்டாரவளை

மகள், பகுதி ஏயில் புள்ளி நழுவும் இடங்கள் வருடா வருடம் ஒன்றேதான்.

வாசிப்பை எழுதும் முறை முதலாவது. இழிவெண்ணிக்கை (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 செ.மீ. உள்ள வேணியர் இடுக்கியில் 2.3 என்று எழுதினால் பிழை, 2.30 என்றே எழுத வேண்டும். நுண்மானித் திருகுக் கணிச்சியில் பிரதான அளவிடை 4.5 மி.மீ., வட்ட அளவிடை 32 என்றால் வாசிப்பு 4.82 மி.மீ. பூச்சிய வழு நேராக 0.03 மி.மீ. இருந்தால் கழிக்க வேண்டும்: 4.79. நிறையப் பேர் கூட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது "ஏன்" வினா. எளிய ஊசலில் குறிகாட்டியை ஏன் தாழ்ந்த நிலையில் வைக்கிறோம் என்றால், "திருத்தமாக இருக்கும்" என்ற பதிலுக்குப் புள்ளி எதிர்பார்க்க முடியாது. அங்கே குண்டின் கதி உயர்வு, ஆகவே அது கடக்கும் கணத்தைத் தீர்மானிப்பதில் வரும் நேர வழு இழிவு. காரணமும் விளைவும் இரண்டும் வரவேண்டும். 25 அலைவுகள் ஏன் என்றால் எண்ணாலேயே காட்டுங்கள்: ஆவர்த்தன காலம் 1.5 செக்கன், நிறுத்தற் கடிகார வழு 0.1 செக்கன், ஓர் அலைவை மட்டும் அளந்தால் வழு ஏறத்தாழ 7 சதவீதம், 25ஐ அளந்தால் 0.3 சதவீதத்துக்கும் கீழே.

யங்கின் மட்டு வந்தால் கம்பியின் விட்டத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். 0.50 மி.மீ. விட்டத்தில் 0.01 மி.மீ. என்பது 2 சதவீதம். குறுக்குவெட்டுப் பரப்பில் அது 4 ஆகிவிடும். பல இடங்களில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் விட்டத்தை அளப்பது இதனால்தான்.

வரைபில் படித்திறனை (கோட்டின் சாய்வை) கோட்டின் மேல் தூரமாக இருக்கும் இரு புள்ளிகளில் எடுங்கள், அட்டவணைப் புள்ளிகளில் எடுக்க வேண்டாம். அலகை விட வேண்டாம்.

பனிக்கட்டிப் பரிசோதனையைப் பற்றிச் சொல்ல உங்கள் வாசிப்புகள் தேவை.

மாணவி, ஹட்டன்

நன்றி சேர். செப்புக் கலோரிமானி 50 கிராம், நீர் 100 கிராம், அறை வெப்பநிலை 20 பாகை செல்சியஸ், ஆரம்பம் 25, இறுதி 15. பனிக்கட்டியை ஒற்றுத்தாளில் ஒற்றிச் சின்னத் துண்டுகளாகத்தான் போட்டோம். கடைசியில் நிறுத்துப் பார்த்ததில் பனிக்கட்டி 11.8 கிராம். விடை 309. கலோரிமானியின் வெளிப்பக்கம் வியர்த்த மாதிரி இருந்தது, வெளியே மூடுபனி.

பௌதிகவியல் ஆசிரியர், பண்டாரவளை

அந்த வியர்வைதான் காரணம். அறைக்கு 5 பாகை மேலே தொடங்கி 5 பாகை கீழே முடித்தது சரியான முறை: முதற்பாதியில் சூழலுக்குப் போகும் வெப்பம் பிற்பாதியில் உள்ளே வந்து ஈடாகிறது. ஆனால் மூடுபனி நாளில் சாரீரப்பதன் (காற்றின் ஈரப்பதன் வீதம்) 85 சதவீதம் என்று வைத்தால், 20 பாகையில் பனிபடுநிலை, அதாவது நீராவி ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலை, 17 பாகைக்குச் சற்று மேலே இருக்கும். நீங்கள் 15 வரை இறக்கியதால் காற்றிலுள்ள நீராவி கலோரிமானியின் சுவரில் ஒடுங்கியது.

எவ்வளவு ஒடுங்கியது என்று உங்கள் எண்களிலேயே பார்க்கலாம். நீரும் கலோரிமானியும் இழந்த வெப்பம் 4200 உம் 195 உம் சேர்த்து 4395 யூல். வெளியே 0.1 கிராம் ஒடுங்கியிருந்தால் அது ஏறத்தாழ 245 யூல் உள்ளே தந்திருக்கும், நிறையிலும் பனிக்கட்டியாகச் சேர்ந்திருக்கும். உண்மையான பனிக்கட்டி 11.7 கிராம், அது பெற்ற வெப்பம் 4640 யூல். 11.7ஆல் பிரித்தால் 397. உருகிய நீர் 15 பாகை வரை போக எடுத்த 63ஐக் கழித்தால் 334. ஒரு பெரிய துளி அளவு நீர்தான் மொத்த வித்தியாசமும்.

வெளியே துடைத்துவிட்டு நிறுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அதனால் நிறை வழு போகும், வெப்பம் ஏற்கனவே உள்ளே போய்விட்டது. விடை 313 ஆகும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: முதலில் பனிபடுநிலையைப் பாருங்கள், மினுக்கிய கலோரிமானியில் பனிக்கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு. மங்கல் தோன்றும் வெப்பநிலை, மறையும் வெப்பநிலை இரண்டின் சராசரி. மூச்சுப் படாமல் இடையில் கண்ணாடித் தகடு வேண்டும். அது 17 என்றால் மறைவெப்பப் பரிசோதனையை 18இல் நிறுத்துங்கள், ஆரம்பத்தை 26 அளவில் வையுங்கள். ஈடு முழுமையாக வராது, ஆகவே ரெஜிபோம் (வெப்பம் கடத்தாத நுரைத் தகடு) சுற்றி, மூடி போட்டு, கலக்கியபடி விரைவாக முடிக்க வேண்டும். ஆரம்பத்தை 30க்கு ஏற்ற வேண்டாம். சூழலுக்குப் போகும் வெப்பம் கூடி, விடை 334ஐத் தாண்டிப் போகும். பெப்ரவரி, மார்ச்சில் வெயிலடிக்கும் மத்தியானம் கிடைத்தால் 25, 15 முறையே சரிவரும்.

பரீட்சையில் இறுதி வெப்பநிலைக்கு ஏன் எல்லை என்று கேட்டால் "பனிபடுநிலைக்குக் கீழே போனால் நீராவி ஒடுங்கி மறைவெப்பத்தை வெளிவிடும்" என்று எழுதுங்கள்.

மாணவன், நானுஓயா

சேர், நானும் ஒன்று கேட்கலாமா? உலோகக் குண்டின் தன்வெப்பக் கொள்ளளவு எங்களுக்கு எப்போதும் குறைவாக வருகிறது. குண்டைக் கொதிநீராவியில் வைத்து 100 என்றே எடுத்தோம். அதோடு அழுத்தமானியில் (கலத்தின் வோல்ற்றளவைக் கம்பி நீளத்தால் ஒப்பிடும் கருவி) கல்வனோமானி கம்பி முழுக்க ஒரே பக்கம்தான் திரும்புகிறது.

பௌதிகவியல் ஆசிரியர், பண்டாரவளை

மகன், நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே நீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும், உங்கள் பக்கமும் கிட்டத்தட்ட அதுதான். இறுதி வெப்பநிலை 26 என்றால் உண்மை வித்தியாசம் 68, நீங்கள் பிரித்தது 74ஆல். 8 சதவீதம் அங்கேயே குறைந்துவிட்டது. நீராவியில் வெப்பமானியை வைத்து வாசித்ததையே பயன்படுத்துங்கள். பரீட்சைத் தாளில் 100 தந்திருந்தால் மட்டும் 100.

பேராதனை, மூன்றாம் வருடம்

அழுத்தமானிக்கு நான் சொல்கிறேன் தம்பி. ஒரே பக்கத் திரும்பலுக்கு மூன்று இடம் பாருங்கள். சோதிக்கும் கலத்தின் நேர்முனை, சேமிப்புக் கலத்தின் நேர்முனை இணைந்த அதே அந்தத்தில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் சமநிலை வராது. சேமிப்புக் கலத்தின் சுற்றில் எங்காவது தொடுப்பு விட்டிருக்கலாம். அல்லது கம்பிக்குக் குறுக்கே உள்ள அழுத்த வித்தியாசம் போதாது: 4 மீற்றர்க் கம்பியில் 2 வோல்ற்று இருந்தால் மீற்றருக்கு 0.5, ஆகவே 1.5 வோல்ற்று உலர்கலம் 3 மீற்றரில் சமநிலைப்படும். தொடரில் உள்ள இறையோதற்றை (மாறும் தடையை) கூட்டிக் கம்பிக்கு 1.4 ஆக்கிவிட்டால் சமநிலைப் புள்ளி கம்பிக்கு வெளியே போய்விடும். முதலில் வழுக்கியை இரண்டு அந்தத்திலும் தொட்டுப் பாருங்கள். எதிர்ப்பக்கங்களுக்குத் திரும்பினால் மட்டும் நடுவில் தேடுங்கள்.