காமராஜர் டெல்லியில எப்படி அவ்ளோ பெரிய ஆளானார்? (பள்ளிக்கூடம், மதிய உணவு தெரியும், அது கேக்கல)

மதுரை_அம்மா
எல்லாருக்கும் வணக்கம். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளுக்கு என் பொண்ணு பேச்சுப் போட்டியில கலந்துக்கறா, பத்தாவது படிக்கிறா. வருஷா வருஷம் எல்லா பிள்ளைங்களும் அதே மதிய உணவு, மாடு மேய்ச்ச பையன் கதையத்தான் சொல்றாங்க, அதனால இவ "அம்மா, விருதுநகர்ல சின்ன வயசுலயே படிப்ப விட்டவரு எப்படி ரெண்டு பிரதமர தேர்ந்தெடுக்கற இடத்துக்குப் போனாரு"ன்னு கேட்டா, எனக்கு பதில் தெரியல. நேருவுக்கு புடிச்சவருன்னு மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கேன், அது போதுமா? ஹிந்தி தெரியாம எப்படிங்க முடிஞ்சது? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

பழைய_பேப்பர்
நல்ல கேள்வி கேட்டிருக்கு உங்க பொண்ணு. நேருவுக்கு புடிச்சவர்ங்கறது பாதி உண்மைதான்மா. அவர் முதலமைச்சர் ஆனது 1954, ஆனா அதுக்கு முன்னாடி 14 வருஷம் கட்சிய கட்டி மேய்ச்சிருக்கார், அத யாருமே மேடையில சொல்றதில்ல. 1936ல சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர், இவர் செயலாளர். 1940ல ராஜாஜி ஆதரிச்ச ஆள தோற்கடிச்சு இவர் தலைவர் ஆனார், சத்தியமூர்த்தி இவருக்கு கீழ செயலாளரா இருந்தார், குரு சிஷ்யனுக்கு கீழ வேலை பாத்ததுன்னு யோசிச்சுப் பாருங்க! அடுத்த வருஷம் ஜெயில்ல இருக்கும்போதே விருதுநகர் நகராட்சி தலைவரா தேர்ந்தெடுத்தாங்க, வெளிய வந்ததும் ராஜினாமா பண்ணிட்டார். 1942ல மறுபடி ஜெயில், 1945லதான் வெளிய வந்தார்.

அப்புறம் பிரகாசம், ஓமந்தூரார், குமாரசாமி ராஜான்னு முதல்வருங்க மாறிட்டே இருந்தாங்க, அத்தனை மாற்றத்துலயும் இவர் கை இருந்துச்சு. எந்த ஊர்ல யார் வேலை செய்வான், யார் சும்மா பேசுவான்னு மாவட்டம் மாவட்டமா தெரிஞ்சு வெச்சிருந்தார். டெல்லிக்கு போனப்பவும் இந்த வித்தைதான் கை குடுத்துச்சு. ஆள எடை போடவும் எதிராளி பேசறத பொறுமையா கேக்கவும் ஹிந்தி எதுக்குங்க? 1954ல முதல்வர் யாருன்னு முடிவாகற சட்டமன்றக் கட்சித் தலைவர் போட்டியில தன்ன எதிர்த்து நின்ன சி.சுப்பிரமணியத்தையே மந்திரி ஆக்கினார், அவர முன்மொழிஞ்ச பக்தவத்சலத்தையும் சேத்துக்கிட்டார். பொண்ணு பேச்ச இந்த இடத்துல இருந்து ஆரம்பிச்சா நல்லா இருக்கும்.

விருதைக்காரன்
மேல சொன்னவர் கே-பிளானை, அதாவது காமராஜர் திட்டத்த, விட்டுட்டார், அதுதான் இவர டெல்லிக்கு கொண்டு போனது. 1962 சீனா யுத்தத்துல காங்கிரஸ் பேரு கெட்டுப்போச்சு, 1963ல நடந்த இடைத்தேர்தல்கள்ல கிருபளானி, லோகியா, மினூ மசானின்னு பெரிய எதிர்க்கட்சி தலைவருங்க மூணு பேர் வரிசையா ஜெயிச்சு பார்லிமென்ட்டுக்கு வந்துட்டாங்க. அப்பதான் இவர், பதவியில இருக்கற மூத்தவங்க விலகி கட்சி வேலைக்கு போகணும்னு சொன்னார், சொல்லிட்டு முதல்ல தானே 1963 அக்டோபர் 2ல இறங்கினார். 6 முதல்வர்கள், 6 மத்திய மந்திரிங்க விலகினாங்க, மொரார்ஜி, சாஸ்திரி, ஜெகஜீவன் ராம் எல்லாம் அதுல உண்டு. 1964 ஜனவரி புவனேஸ்வர் மாநாட்டுல இவர் அகில இந்திய தலைவர். அங்கயே நேருவுக்கு உடம்பு முடியாம போச்சு, மே 27 இறந்துட்டார்.

சாஸ்திரிய தேர்ந்தெடுத்தப்ப ஓட்டெடுப்பே இல்ல, ஒவ்வொருத்தரா கூப்பிட்டு பேசி கருத்து கேட்டு ஒருமனதா முடிச்சார். 1966ல சாஸ்திரி இறந்தப்ப மொரார்ஜி விட்டுக் குடுக்கல, அதனால ஓட்டு நடந்து இந்திரா 355, மொரார்ஜி 169. இவரையே பிரதமர் ஆகச் சொன்னவங்களும் உண்டு, ஹிந்தியும் இல்ல இங்கிலீஷும் இல்ல எப்படின்னு மறுத்துட்டார்னு எழுதியிருக்காங்க. அப்ப மொழி ஒரு தடைதான், அத மறைக்க வேணாம்.

ஆனா எங்க ஊர்க்காரனா எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. முதல்வர் நாற்காலிய விட்டது அவருக்கு டெல்லிய குடுத்துச்சு, ஆனா ஊர எடுத்துக்கிச்சு. அவர் போனப்புறம் இங்க 1965 ஹிந்தி எதிர்ப்பு போராட்டம், துப்பாக்கிச் சூடு, அப்புறம் அரிசித் தட்டுப்பாடு, எல்லா கோபமும் 1967ல ஓட்டா விழுந்துச்சு, சொந்த ஊர்லயே திமுக மாணவர் தலைவர் சீனிவாசன்கிட்ட 1285 ஓட்டுல தோத்தார். எங்க தாத்தா அந்த ராத்திரி சாப்பிடலன்னு பாட்டி சொல்லுவாங்க. தாத்தாவே அந்த தடவ இவருக்கு ஓட்டு போடல, அது பாட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

நாஞ்சில்_வாசகி
அண்ணா, தோத்ததோட நிறுத்தாதீங்க. 1969 ஜனவரியில எங்க நாகர்கோவில்ல இடைத்தேர்தல், நேசமணி இறந்துபோனதால வந்தது, அதுல ஜெயிச்சு பார்லிமென்ட் போனார். அதே வருஷம் நவம்பர்ல காங்கிரஸ் ரெண்டாச்சு, தான் பிரதமர் ஆக்கின இந்திராவுக்கு எதிர் பக்கம் நின்னார். கசப்பு 1966லயே தொடங்கிட்டு, ரூபாய் மதிப்ப 4.76ல இருந்து ஒரு டாலருக்கு 7.50ன்னு குறைச்சப்ப கட்சித் தலைவரான இவர்ட்ட கலந்துக்கல. 1971ல பழைய காங்கிரஸ், அதாவது பிளவுக்கு அப்புறம் இவர் இருந்த பக்கம், தமிழ்நாட்டுல ஜெயிச்ச ஒரே லோக்சபா சீட் எங்க நாகர்கோவில்தான், அவர்தான். வேற ஊரு, வேற பேச்சு வழக்கு, பாதி மலையாள வாசம் அடிக்கும், ஆனாலும் எங்க ஆளுக விடல, அத பொண்ணுகிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

மதுரை_அம்மா
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பொண்ணு பக்கத்துல உக்காந்து படிச்சா, தோத்த கதைய சேக்கக்கூடாதுன்னு டீச்சர் சொல்லுவாங்களோன்னு பயந்தா, நான் 1285ன்னு நம்பரோட சொல்லுன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், சத்தியமூர்த்தி இவர் முதல்வரானத பாத்தாரா?

பழைய_பேப்பர்
இல்லம்மா. 1943 மார்ச்லயே இறந்துட்டார், அப்ப இவர் அமராவதி ஜெயில்ல இருந்தார். முதல்வர் ஆனது 11 வருஷம் கழிச்சு.