அம்மாவுக்கு முட்டிவலி, கிரியாட்டினின் ஏறியிருக்கு: புது வலிமருந்து ஆகுமா?

முதுநகர் மகள்:
அம்மாவுக்கு 62 வயசு. கடலூர் துறைமுகத்துல மீன் விக்கிறாங்க. ரெண்டு முட்டியும் வீங்கி, தொட்டா சுடுது. மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுட்டுதான் ஏலத்துக்கே கிளம்புவாங்க. இப்ப ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி சரியா வேலை செய்யலைன்னா கூடுற கழிவு) ஏறிடுச்சு, டாக்டர் அதை நிறுத்தச் சொல்லிட்டார். அபின் வகை இல்லாத புது மாத்திரை அமெரிக்காவுல வந்திருக்காமே, அது அம்மாவுக்கு ஆகுமா?

புதுவை மருந்தியல்:
நிறுத்தச் சொன்னது ரொம்பச் சரிம்மா. அழற்சி வந்த இடத்துல, செல் சவ்வுலேர்ந்து வர்ற அராகிடோனிக் அமிலம்ங்கிற கொழுப்பை காக்ஸ் (COX)ங்கிற நொதி புராஸ்டாகிளாண்டின்ங்கிற வேதிப்பொருளா மாத்துது. அதுதான் நரம்பு முனையை உசுப்பி விடுது. ஆஸ்பிரின் இந்த உற்பத்தியைத் தடுக்குதுன்னு ஜான் வேன் 1971ல காட்டினார்; 1982ல நோபல் வாங்கினார். டைக்ளோஃபெனாக்கும் அதே வழிதான். ஆனா அதே புராஸ்டாகிளாண்டின்தான் கிட்னிக்குப் போற ரத்தக்குழாயை விரிச்சு வைக்குது, வயித்துச் சவ்வையும் காக்குது. வெயில்ல தண்ணி குடிக்காம உக்கார்ற உடம்புக்கு அந்தத் துணை இன்னும் அதிகமா வேணும். மாத்திரை அதையும் சேர்த்து முடக்கிடுது.

காக்ஸ் நொதியில ஒரு வகையான காக்ஸ்-2ஐ மட்டும் அடைக்கிற ரோஃபெகாக்ஸிப்ங்கிற வலிமருந்து மாரடைப்பைக் கூட்டுதுன்னு 2004ல திரும்ப எடுத்துட்டாங்க. அதே வகை செலிகாக்ஸிப் இன்னும் கிடைக்குது, கிட்னிக்கு அதுவும் ஆகாது.

நீங்க கேட்டது சுசெட்ரிஜின். 2025 ஜனவரியில அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. வலிச் சேதியைக் கடத்த வலி நரம்புல இருக்கிற நாவ் 1.8ங்கிற சோடியம் வாயிலை அடைக்கும், காக்ஸ் பக்கமே போகாது. ஆனா அனுமதி ஆபரேஷன் வலி மாதிரி திடீர் வலிக்குத்தான். வருஷக்கணக்கான முட்டிவலிக்கு இல்ல.

நெல்லிக்குப்பம் வாசகன்:
சார், நொதி வழியிலயே வேற மருந்து வராதா?

புதுவை மருந்தியல்:
வரலாம் தம்பி, எனக்கு அதுலதான் நம்பிக்கை. அதே அராகிடோனிக் அமிலத்துலேர்ந்து அழற்சியைத் தணிக்கிற எபாக்சி கொழுப்பு அமிலங்களும் உண்டாகுது. அதுகளை உடைக்கிறது கரையும் எபாக்சைடு ஹைட்ரோலேஸ்ங்கிற நொதி. அந்த நொதியை அடைச்சா நல்லது செய்யற பொருள் உடம்புலயே தங்கும். ஆய்வு நடக்குது, கடைக்கு இன்னும் வரல. அவசரப்படவும் கூடாது: உடம்போட சொந்த வலிதணிப்புப் பொருளை உடைக்கிற ஃபா (FAAH)ங்கிற வேற நொதியை அடைக்கிற ஒரு மருந்தோட சோதனையில 2016ல பிரான்ஸ்ல, ரென் நகரத்துல, ஒரு தன்னார்வலர் இறந்தே போனார்.

தங்கச்சி, ரெண்டு முட்டியும் சூடா வீங்கினா வெறும் தேய்மானம்னு விட்டுடாதீங்க. முடக்குவாதமா, யூரிக் அமிலமான்னு பார்க்கணும். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில இதுக்குன்னே கிளினிக்கல் இம்யூனாலஜி துறை இருக்கு. அதுவரைக்கும் பாரசிட்டமால் எவ்வளவு போடலாம், தடவுற ஜெல் ஆகுமான்னு உங்க டாக்டரையே கேளுங்க. போகும்போது அம்மா இதுவரை போட்ட மாத்திரை அட்டை எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க.