ரெயில்கன் தண்டவாளம் ஏன் இவ்வளவு சீக்கிரம் பாழாகிறது?

செம்புக்கம்பி:
2010 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வர்ஜீனியாவின் டால்கிரனில் 33 மெகாஜூல் ஆற்றலில் ரெயில்கன்னைச் சுட்ட வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வெடிமருந்தே கிடையாது, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே குண்டைத் தள்ளுவது வெறும் மின்சாரம், ஆனாலும் குழல் வாயில் அவ்வளவு தீப்பிழம்பு. 2021-ல் திட்டத்தை மூட்டை கட்டிவிட்டார்கள், தண்டவாளம் தேய்ந்ததுதான் காரணம் என்கிறார்கள். செம்புத் தண்டவாளத்தின் மேல் குண்டைத் தள்ளும் அலுமினியத் துண்டு (ஆர்மேச்சர்) வழுக்கிக்கொண்டு போகிறது, அப்படியென்றால் அலுமினியம்தானே தேய வேண்டும்? உராய்வுதான் சிக்கல் என்றால் மசகு ஏதாவது தடவினால் போதாதா?

மோட்டார்க்காரன்:
உராய்வு சின்னப் பங்காளிதான். பத்து லட்சம் ஆம்பியருக்கு மேல் பாய்கிறது, ஆர்மேச்சர் மெதுவாக நகரும் தொடக்க இடத்திலேயே செம்பு வெந்துவிடும். வேகம் கூடக் கூட மின்னோட்டம் உலோகத்துக்குள் இறங்க நேரம் கிடைக்காமல் ஆர்மேச்சரின் பின்விளிம்பில் ஒடுங்கி ஓடும், அங்கே அலுமினியம் உருகும். நீங்கள் கேட்ட மசகு அந்த உருகிய படலம்தான். அது நிற்கிற வரை சரி, தொடுகை விட்டுப்போனால் வெல்டிங் பட்டறையில் பார்க்கிற அதே ஆர்க், அப்புறம் செம்பே அரிபட்டுப்போகும்.

இரும்புத்தூள்:
கௌஜிங்கை விட்டுவிட்டீர்களே! ஒரு வேகத்தைத் தாண்டியதும் தண்டவாளத்தில் கண்ணீர்த்துளி வடிவில் குழிகள் விழும், ஒல்லியாகத் தொடங்கி போகிற திசையில் அகன்று, முடிகிற இடத்தில் உதடு மாதிரி உலோகம் மடிந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு போதும், அதில் மோதிய இடத்தில் இரண்டு உலோகமும் குழைந்து ஒன்றையொன்று தோண்டும். இதற்கு மின்சாரமே தேவையில்லை. நியூ மெக்சிகோவின் ஹாலமன் ராக்கெட் வண்டிப் பாதையில், எஃகின் மேல் எஃகு ஓடும்போதும் இதே குழிதான் விழுகிறது.
கடினமான உலோகம் போட்டால் குழி விழும் வேகம் தள்ளிப்போகும், ஆனால் பொதுவாக அது செம்பு அளவுக்கு மின்சாரம் கடத்தாது, சூடு கூடும். இங்கே அடைத்தால் அங்கே ஒழுகும் கதை.

மோட்டார்க்காரன்:
அது சரி. ஆனால் 2021-ல் நிறுத்தியதற்குக் கடற்படை சொன்ன காரணம் பணம், கப்பலில் பொருத்தும் சிக்கல், வேறு ஆயுதங்களின் முன்னேற்றம். தேய்மானத்தின் தலையில் மட்டும் கட்ட வேண்டாம். ஜப்பான் 2023-ல் கப்பலிலிருந்தே சுட்டுப் பார்த்தது.

செம்புக்கம்பி:
அப்படியானால் அந்தத் தீப்பிழம்பு?

இரும்புத்தூள்:
பெரும்பாலும் உருகிய அலுமினியம் காற்றில் எரிவது, கூடவே ஆர்மேச்சர் வெளியேறும்போது அடிக்கும் ஆர்க். வெளியே வராமல் உள்ளேயே தங்கும் அலுமினியம்தான் தலைவலி, அது இரண்டு தண்டவாளங்களையும் பிரிக்கும் இன்சுலேட்டரில் (மின்சாரம் கடத்தாத பகுதியில்) படிந்தால் அடுத்த முறை மின்சாரம் அந்தக் குறுக்கு வழியில் போகும்.