91 பகா எண்ணா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

மீனா: பெரியப்பா, வணக்கம். 91-ஐப் பகா எண் என்று தேர்வில் எழுதிவிட்டுக் கவின் மதிப்பெண் இழந்து வந்திருக்கிறான். 100 வரையுள்ள 25 பகா எண்களையும் மனப்பாடம் செய்ய வைத்துவிடலாமா?

பெரியப்பா: மனப்பாடம் வேண்டாம், மீனா. 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாததால் 91 பெரியவர்களையும் ஏமாற்றிவிடும்; அது 7 × 13. முதலில் 12 புளியங்கொட்டைகளைக் கொடுத்துச் சமமான வரிசைகளாக அடுக்கச் சொல். ஒரே வரிசையாகவும், இரண்டு வரிசைகளில் ஆறாறாகவும், மூன்று வரிசைகளில் நந்நான்காகவும் அடுக்கிப் பார்த்தால், 1, 2, 3, 4, 6, 12 என்னும் காரணிகள் அவன் கண்ணுக்கே தெரியும். 13 கொட்டைகளை ஒற்றை வரிசையாக அன்றி வேறு எப்படியும் மீதமின்றி அடுக்க முடியாது; அது பகா எண்.

சுமதி அத்தை: அண்ணா, ஒரு கொட்டையையும் அப்படித்தானே வைக்க முடியும்? பிறகு 1 ஏன் பகா எண் ஆகவில்லை?

பெரியப்பா: பிள்ளைகள் தடுமாறும் இடமே அதுதான், சுமதி. பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் இருக்க வேண்டும். 1-க்கு இருப்பது ஒன்றே. மேலும், 12-ஐப் பகா எண்களாகப் பிரித்தால் யார் பிரித்தாலும் 2 × 2 × 3 தான் வரும். 1-ஐயும் சேர்த்துக்கொண்டால் 1 × 2 × 2 × 3, 1 × 1 × 2 × 2 × 3 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகலாம்.

மீனா: அப்படியானால் 25 எண்களையும் அவனே எப்படிக் கண்டுபிடிப்பான்?

பெரியப்பா: பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸின் சல்லடை இருக்கிறதே! 100 கட்டங்களில் எண்களை எழுதி, 1-ஐ அடித்துவிட்டு, 2, 3, 5, 7 ஆகியவற்றை மட்டும் விட்டுவைத்து அவற்றின் மற்ற மடங்குகளையெல்லாம் அடிக்கச் சொல். மிஞ்சுபவை அனைத்தும் பகா எண்கள். 7-உடன் ஏன் நிறுத்துகிறோம் என்பதையும் அவசியம் சொல்லிக்கொடு. 100-க்கு உட்பட்ட எண்ணை இரண்டு காரணிகளின் பெருக்கமாக எழுதும்போது, இரண்டுமே 10-ஐவிடப் பெரியவையாக இருக்க முடியாது. 11 × 11 என்பதே 121 ஆகிவிடுகிறது. ஆகவே எந்தப் பகு எண்ணும் இந்த நான்கில் ஏதேனும் ஒன்றிடம் சிக்கிவிடும்.

மீனா: அருகிலிருந்து 119 என்ன எண் என்று கேட்கிறான், பெரியப்பா.

பெரியப்பா: 120 வரைக்கும் அதே நான்கு எண்கள் போதும் என்று சொல். 7-ஆல் அவனே வகுத்துப் பார்க்கட்டும்.

மீனா: 7 × 17 என்று எழுதிவிட்டான்!